வாவித் தண்ணீரில் ஒளி ஏன் மங்குகிறது?

கேள்வி: வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். இறால் பண்ணைகளுக்கு அருகிலுள்ள நீரில் எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருக்கிறதா என்று ருதீனியம் மின்னிரசாயன ஒளிர்வு முறையில் (மின்வாயில் நடக்கும் தாக்கத்தால் ருதீனியச் சேர்மத்தை ஒளிரவைத்து அளக்கும் முறை) பார்க்கிறேன். தாங்கற்கரைசலில் (pH மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) மருந்தைச் சேர்த்தால் நல்ல ஒளி வருகிறது. அதே அளவைக் கண்டல் கரையில் எடுத்த வாவித் தண்ணீரில் சேர்த்தால் மூன்றிலொரு பங்குகூட வருவதில்லை. தண்ணீரின் மண்ணிறம்தான் ஒளியை விழுங்குகிறதா?

பதில்: நிறத்தின் மேல் பழி போட வேண்டாம். ருதீனியம் வெளிவிடும் செம்மஞ்சள் ஒளி 620 நானோமீற்றரை ஒட்டியது. மண்ணிறத் தண்ணீர் பெரும்பாலும் விழுங்குவது நீலத்தையும் புறஊதாவையும். வெளியிலிருந்து நீல ஒளி பாய்ச்சும் முறையென்றால் அது தொல்லைதான், உங்கள் முறையில் விளக்கே கிடையாதே. சந்தேகமென்றால் வடிகட்டிய நீரின் உறிஞ்சலை 620இல் ஒருமுறை அளந்து பாருங்கள்.

நான் சந்தேகப்படுவது கண்டலின் தனினை, அதாவது அதன் துவர்ப்புப் பொருளைத்தான். முன்பு கண்டல் பட்டையைக் காய்ச்சித்தான் மீன் வலைக்குச் சாயமேற்றுவார்கள். அந்தச் சாயச் சரக்கான தனின் முழுக்கப் பல்பீனோல், பல பீனோல் கூறுகள் சேர்ந்த சேர்மம். விழுந்த இலையிலிருந்தும் பட்டையிலிருந்தும் அது ஓயாமல் நீரில் ஊறிக்கொண்டே இருக்கும். நீங்கள் தேடும் மருந்தோ மிகச் சொற்பம்.

ஒளி எப்படி வருகிறது என்று பார்த்தால் அது எங்கே அணைகிறது என்பதும் தெரியும். மின்வாயில் ருதீனியம் ஓர் இலத்திரனை இழக்கிறது. எரித்ரோமைசினின் சர்க்கரைத் துண்டிலுள்ள இருமெதைல் அமைனும் ஒட்சியேறி, ஒரு புரோத்தனை விட்டு, இலத்திரனைக் கொடுக்கத் துடிக்கும் மூலிகமாகிறது. அந்த இலத்திரன் ருதீனியத்துக்குப் போனதும் அது அருட்டப்பட்ட (சக்தி கூடிய) நிலைக்கு ஏறி, ஒரு மைக்ரோசெக்கனுக்குள் ஒளியை விட்டு இறங்குகிறது. தனினிலுள்ள பீனோல்கள் அதே மின்வாயில் ஒட்சியேறிக் குயினோன்களாகின்றன. அருட்டப்பட்ட ருதீனியம் ஒளிவிடுவதற்கு முன்பே குயினோன் அதன் இலத்திரனையோ சக்தியையோ பறித்துவிடும். மூலிகம் கொடுக்க வந்த இலத்திரனையும் இடைவழியிலேயே வாங்கிவிடக்கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ருதீனியக் கரைசலில் வெறும் பீனோலைப் போட்டு நீல ஒளி பாய்ச்சினால் ஒளிர்வு குறைவதில்லை. குயினோன் வகையான பென்சோகுயினோனைப் போட்டால் குறைகிறது. ஆகவே உங்கள் வாவி நீரிலும் அந்தச் சோதனையைச் செய்யுங்கள். நீர் நிறமுள்ளது என்பதால் பாய்ச்சும் அலைநீளத்தில் அதன் உறிஞ்சலுக்கு மட்டும் திருத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் ஒளிர்வு அப்படியே இருந்து, மின்னோட்டம் கொடுக்கும்போது மட்டும் மங்கினால், ஒளியை அணைக்கும் பொருள் மின்வாயில்தான் பிறக்கிறது.

பீனோலுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: ஒட்சியேறும்போது பல்பகுதியமாகி மின்வாயில் படலமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய, தாங்கற்கரைசலிலுள்ள நியமத்தை (தெரிந்த அளவு மருந்து சேர்த்த கரைசலை) அளந்து, அப்புறம் வாவி மாதிரியை அளந்து, மின்வாயைத் தேய்க்காமல் கழுவி மட்டும் திரும்ப அதே நியமத்தை அளவிடுங்கள். ஒளி பழைய அளவுக்கு வந்தால் அணைப்பு கரைசலில். வராவிட்டால் படலம். கண்ணாடிக் காபன் மின்வாய் என்றால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் 0.05 மைக்ரோன் அலுமினாவில் தேய்ப்பதை வழக்கமாக்குங்கள், சோம்பல் பட வேண்டாம்.

கணக்குக்கு, தாங்கற்கரைசலில் வரைந்த நியம வளையியை வாவி நீருக்குப் பயன்படுத்தவே கூடாது. அதே நீரில் மருந்தைப் படிப்படியாகக் கூட்டி அளக்கும் நியமச் சேர்ப்புதான் சரி. எல்லாப் புள்ளிகளும் ஒரே விகிதத்தில் மங்கும்வரை அது கைகொடுக்கும். படலம் வளர்ந்துகொண்டே போனால் அதுவும் ஏமாற்றும். மாதிரியை 2, 5, 10 மடங்கு ஐதாக்கியும் பாருங்கள். ஐதாக்கலுக்குத் திருத்திய செறிவு ஏறிக்கொண்டே போனால் அணைப்பு இன்னும் இருக்கிறது.

முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்து நீரும் மாரிவெள்ளத்து நீரும் உப்பில் ஒன்றல்ல, குளோரைட்டும் மின்வாயில் தலையிடும், பிளாற்றினத்தில் குறிப்பாக. அதனால் ஒவ்வொரு நாள் மாதிரிக்கும் தனியாக நியமச் சேர்ப்பு வேண்டும்.

தனினை அகற்றக் கேற்றயன் பரிமாற்றப் பொதி (நேரேற்றமுள்ளவற்றைப் பிடித்துவைக்கும் பொதி) நல்லது. நடுநிலை நீரில் எரித்ரோமைசின் நேரேற்றத்தோடு இருப்பதால் பொதியில் தங்கும். மெதனோலால் கழுவித் தனினைப் போக்கிவிட்டு, அமோனியா கலந்த மெதனோலால் மருந்தை இறக்கலாம். இந்தப் பொதிக்கு வழமையாகச் செய்வார்களே என்று மாதிரியை நன்றாக அமிலமாக்கிவிடாதீர்கள். எரித்ரோமைசின் அமிலத்தில் சிதையும். இறக்கிய கரைசலை ஆவியாக்கி, தாங்கற்கரைசலில் திரும்பக் கரைத்து அளவிடுங்கள். பொதி வாங்கக் காசு பற்றாவிட்டால் பல்வைனைல்பல்பிரோலிடோன் தூளைக் குலுக்கி வடிகட்டலாம். பல்பீனோலை அது நன்றாகப் பிடிக்கும். மருந்தையும் கொஞ்சம் பிடிக்கிறதா என்று, தெரிந்த அளவு எரித்ரோமைசினைத் தூய நீரில் கரைத்து அதே தூளில் முதலில் சோதித்துவிட்டு வாவி நீரைத் தொடுங்கள்.