போட்டோவில் இருப்பது யார்? – ஸ்டுடியோக்காரர் பதில்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பல வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்திவிட்டு, இப்போது கடையை மகனிடம் விட்டிருப்பவர், குடும்பம், உறவு, பழைய நினைவுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்கள்.

மாமியார் வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறோம். கூடத்தில் மாட்டியிருந்த பழைய போட்டோக்களை இறக்கினால், சில படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இருப்பவர்களில் பாதிப் பேர் யாரென்று என் கணவருக்கே தெரியவில்லை. என்ன செய்யலாம் ஐயா?
– வாசகி, கன்னங்குறிச்சி

ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். கத்தி நுழைப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது, சூடு காட்டுவது எதுவும் வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறினால் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அப்படியே காய்ந்துவிடும். இழுத்தால் தாள் கையோடு வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். உடம்பை அட்டையிலும் தலையைக் கண்ணாடியிலுமாக என் கடைக்கு எடுத்து வந்து "சேர்த்துக் கொடுங்க" என்றவர்கள் உண்டு.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, அப்படியே ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐ-யில் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் வசதி இல்லையென்றால் செல்போனே போதும். வெயில் நேராக விழாத திண்ணையில் படத்தைக் கிடத்துங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். உங்கள் எதிரில் ஒருவர் கறுப்புப் போர்வையைத் தூக்கிப் பிடித்தால் கண்ணாடியில் வானமும் உங்கள் மூக்கும் தெரியாது. மற்ற படங்களைத் திரும்பச் சட்டம் போடும்போது, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லி நில்லுங்கள். சொல்லாவிட்டால் வைக்க மாட்டார்கள்.

இனி, ஆள் யாரென்பது. நோட்டும் பேனாவுமாகப் போய் "யார் யாருன்னு சொல்லுங்க அத்தை" என்று உட்கார்ந்தால், மூன்றாவது ஆளோடு உங்கள் மாமியாருக்குத் தலைவலி வந்துவிடும். அவர் கீரை ஆயும்போது படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தப்பாகச் சொல்லிப் பாருங்கள். "இது பெரிய மாமாதானே?" என்றால் போதும். "அவனா? அவனுக்கு ஏது இவ்வளவு முடி! இது அயோத்தியாப்பட்டணத்து சித்தப்பா. சட்டையைப் பாரு, இரவல் சட்டை" என்று ஆரம்பிப்பார். பெயரைக் கேட்டால் பெயர்தான் வரும். தப்பைத் திருத்த விட்டால் இரவல் சட்டையும் சேர்ந்து வரும். சொல்லிவிட்டே போனில் ரெக்கார்டு போடுங்கள். ஒளித்து எடுக்க வேண்டாம்.

பின்பக்கம் எழுதுவதற்கு மென்மையான பென்சில். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் எழுத்து முன்பக்கம் முகத்தில் மேடாகத் தெரியும். வெறுமனே "சித்தப்பா" என்று எழுதிவைக்காதீர்கள். உங்கள் பேரன் எடுத்துப் பார்க்கும்போது அது யாருக்குச் சித்தப்பா? பெயர், ஊர், இன்னாருடைய மகன் என்று எழுதுங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுங்கள். எந்த ஊரில் போய் உட்கார்ந்து எடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

ஒரு தொழில் ரகசியமும் சொல்லிவிடுகிறேன். மேஜைமேல் ரேடியோ இருக்கிறதே என்று "தாத்தா அந்தக் காலத்திலேயே ரேடியோ வைத்திருந்தார்" என முடிவு கட்டிவிடாதீர்கள். ரேடியோ எங்களுடையது. தூணும் பூச்சாடியும் எங்களுடையவை. கோட்டு பெரும்பாலும் எங்களுடையது. மணிக்கட்டைத் திருப்பி வைத்து, முள் தெரியக் காட்டுகிறாரே, அந்தக் கைக்கடிகாரமும் சந்தேகம்தான்.

பெங்களூரில் வேலை செய்கிறேன். அம்மா இல்லை. சேலம் குகைப் பகுதியில் அப்பா தனியாக இருக்கிறார். வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்த்தவர். தினமும் போன் செய்கிறேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." "சரி, வச்சுடறேன்." இதற்குமேல் எங்களுக்குள் பேச்சே வரவில்லை.
– வாசகர், பெங்களூரு

தம்பி, உங்கள் அப்பாவின் தலைமுறை ஆண்களிடம் நலம் விசாரித்தால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். "ஆபீஸ்ல கூட வேலை செய்யற பொண்ணு கொலுசு வாங்கணும்ங்குது, எதைப் பார்த்து வாங்கச் சொல்லட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். உருக்குவது, கம்பி இழுப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது என்று ஒரு ஜதை கொலுசு சேலத்தில் எத்தனை கை மாறிக் கடைக்குப் போகிறது! அதில் உங்கள் அப்பாவின் கை எது, யாரிடம் பழகினார், முதல் கூலி என்ன, பற்றவைப்பில் கண் எரிந்தால் ராத்திரி என்ன செய்வார்கள்... இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? அநேகமாகத் தெரியாது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர், கல்யாணத்துக்குப் போனால் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். "அது நம்ம பக்கத்து வேலை" என்று பக்கத்தில் இருப்பவரிடம் காதில் சொல்வார். அவர் பிள்ளைகள் யாருக்கும் அந்தக் கண் இல்லை. கேட்டுக்கொள்ளவும் இல்லை.

வீடியோ காலில் கடையில் உள்ள கொலுசைக் காட்டுங்கள். "இதையா காசு கொடுத்து வாங்கறது?" என்று திட்டுவார். நல்லது. திட்ட ஆரம்பித்துவிட்டால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது.

அப்புறம், லீவை எல்லாம் தீபாவளிக்கே சேர்த்து வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குகைக்காரருக்கு ஆடிதானே பெரிய பண்டிகை? வண்டி வேடிக்கை அன்றைக்கு ஊருக்கு வந்து அப்பாவோடு ரோட்டோரம் நில்லுங்கள். சாமி வேஷம் கட்டியவர்களோடு வண்டிகள் ஒவ்வொன்றாக வரும்போது, "நீங்க வேஷம் கட்டியிருக்கீங்களாப்பா?" என்று கேளுங்கள். கட்டியிருக்கிறார் என்றால் கதை ஒன்று கிடைக்கும். கட்டவில்லை என்றால், ஏன் விடவில்லை என்ற கதை கிடைக்கும். இரண்டாவதுதான் இன்னும் நன்றாக இருக்கும்.

எங்கள் தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸில் எம்.ஜி.ஆரோடு வேலை பார்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், அஸ்தம்பட்டி

சேலத்தில் தெருவுக்கு ஒரு தாத்தா எம்.ஜி.ஆரோடு வேலை பார்த்திருக்கிறார். சிரிக்கவில்லை, நடக்கக்கூடியதுதான். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. தச்சர், தையல்காரர், லைட்மேன், சமையல்காரர் என்று எத்தனையோ பேருக்கு அங்கே சோறு. இன்றைக்கு ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே எம்.ஜி.ஆர். நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது 1956. தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். அப்போது உங்கள் தாத்தாவுக்கு என்ன வயது என்று முதலில் கணக்குப் பாருங்கள். அடுத்து, அங்கே அவருக்கு என்ன வேலை என்று பெரியவர்களைக் கேளுங்கள். "செட்டுக்குப் பலகை அறுத்தார்" என்று சொன்னால் நம்பலாம். "தோளில் கை போட்டுப் பேசுவார்" என்று மட்டும் சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதி வைக்கும்போது கழிக்க வேண்டாம். சொன்னபடியே, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள்.

சொத்துப் பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்றுவிட்டது. என் மகளுக்குச் சீர் வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் போதுமா?
– வாசகி, சூரமங்கலம்

போதாதும்மா. தாய்மாமன் அல்லவா? வெற்றிலைபாக்கு, பழத்தோடு நேரில் போங்கள். அண்ணன் உள்ளறையை விட்டு வராவிட்டால் அண்ணியிடம் கொடுங்கள், காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். அது வக்கீல் பாடு.

என் தாத்தா ஏற்காட்டுக்கு காபித் தோட்ட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய சொந்த ஊர் தெரியவில்லை. ஒரு பழைய காகிதத்தில் "சேலம் ஜில்லா" என்று மட்டும் இருக்கிறது. பங்காளிகளைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், ஏற்காடு

"சேலம் ஜில்லா" என்பதைப் பார்த்துவிட்டு இன்றைய சேலம் மாவட்டத்துக்குள் மட்டும் தேடாதீர்கள். 1965-ல்தான் தருமபுரி பிரிந்தது. இன்றைய கிருஷ்ணகிரியும் அதோடு போனது. நாமக்கல் 1997 வரை சேலத்தோடு இருந்தது. ஆகவே உங்கள் தாத்தா ஊத்தங்கரைக்காரராகவும் இருக்கலாம், ராசிபுரத்துக்காரராகவும் இருக்கலாம்.

கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காபி வைத்த மலை அது. அதிலிருந்து தோட்டம் தோட்டமாக ஆள் ஏறியிருக்கிறார்கள். ஆனால் யாரும் தனியாக ஏறவில்லை. மேஸ்திரி ஒருவர் தன் ஊர், தன் பக்கத்து ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். எனவே தாத்தாவின் ஊரைக் கேட்பதைவிட, அவர் எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தார், பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) யார் குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்குச் சொந்த ஊர் ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தோட்ட ஆபீசில் ஆள் பெயரும் கூலியும் எழுதிவைத்த பழைய செக்ரோல் புத்தகம் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். உங்கள் அப்பாவும் அத்தைகளும் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் விட்டுவிடாதீர்கள்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு, மலையை விட்டுப் போனவர்களும் ஏறி வருவார்கள். அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். கோடை விழா நாட்களில் மட்டும் இந்த வேலை வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் டூரிஸ்ட் வண்டி நிற்கும், சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள் சாயங்காலமாகிவிடும்.

அப்பா மஸ்கட்டில் இருந்தபோது கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பிய கேசட்டுகள் பீரோவில் இருக்கின்றன. போட்டுக் கேட்க பிளேயர் இல்லை. பழைய கடையில் ஒன்று வாங்கலாமா?
– வாசகி, ஆத்தூர்

முதலில் கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் தெரியாமல் ரெக்கார்டு செய்ய முடியாது. ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் பூஞ்சை. நீங்களே போட்டுப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் பென்சிலை விட்டு ஒருமுறை முழுக்கச் சுற்றித் தளர்த்திக்கொள்ளுங்கள். பழைய கடை பிளேயர் வாங்கினால், முதலில் ஏதாவது உதவாத கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். நாடாவைத் தின்னும் பிளேயர்கள் உண்டு.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முழுவதையும் ஏற்றுங்கள். அப்பா செருமுவது, நடுவில் யாரோ கதவைத் தட்ட "இருப்பா, வீட்டுக்குப் பேசிட்டிருக்கேன்" என்று சொல்வது, எதையும் வெட்ட வேண்டாம். ஒரு பிரதி உங்கள் போனில், ஒன்று பென் டிரைவில், ஒன்று உடன்பிறந்தவர் வீட்டில். ஒரே வீட்டில் மூன்று பிரதி வைப்பதில் அர்த்தமில்லை.

சென்னைக்குக் குடிவந்துவிட்டோம். எங்கள் பிள்ளைகள் ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுட்டதே இல்லை. அபார்ட்மென்ட்டில் அதற்கு வழி உண்டா?
– வாசகர், சென்னை

கேஸ் அடுப்பில் சுட்டேன் என்று ஒருவர் எனக்குப் போட்டோ அனுப்பினார். பார்க்கவே பாவமாக இருந்தது. செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கார் நிறுத்தாத மூலையில் நாலு செங்கல் வைத்துத் தென்னை மட்டை எரியுங்கள். அதுவும் முடியாதென்றால் அம்மாயி வீட்டுக்கு ஒரு நாள் வந்துவிட்டுப் போங்கள். வார நாளாக இருந்தால் என்ன, பள்ளிக்கூடம் ஓடிப்போகாது.

பிள்ளைகள் கையில் வேலையைக் கொடுங்கள். நாரை உரித்த தேங்காயைத் தரையில் தேய்த்து மொழுமொழு என்று ஆக்குவது அவர்கள் பொறுப்பு. கை வலிக்கிறது என்பார்கள், வலிக்கட்டும். இளகிய கண்ணைக் குத்தி, தண்ணீரை டம்ளரில் வடித்துக்கொள்ளுங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் எல்லாம் கலந்து, விரல் போகாத அந்தத் துளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். இங்கேதான் சண்டை வரும். பாதி வெல்லம் வாய்க்குப் போகும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். ஓடு கருகி வெடிப்பு விடும்போது எடுத்துவிடலாம். பிள்ளையாருக்குப் படைத்த பிறகுதான் உடைக்க வேண்டும். அந்தப் பொறுமையைச் சின்னவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அழிஞ்சில் குச்சி ஆடி பிறப்பதற்கு முன்பே சேலம் கடைவீதிக்கு விற்பனைக்கு வந்துவிடும். உங்கள் ஊரில் கிடைப்பது கஷ்டம். யாராவது சேலத்திலிருந்து ரயில் ஏறினால் ஒரு கட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். பக்கத்து ஃபிளாட்காரர்களும் நம் பக்கத்து ஆட்களாக இருந்தால் இரண்டு கட்டாகச் சொல்லிவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.