பனிக்காலத்தில் லே

கேள்வி: கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் ஜனவரியில் லடாக்கின் லே நகருக்குக் குடும்பத்துடன் செல்ல நினைக்கிறோம். அது சரியான பருவமா? – வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகச் செல்லலாம், ஆனால் கோடையில் பார்க்கும் லே வேறு, ஜனவரியில் பார்க்கும் லே வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரில் இரவு வெப்பநிலை மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. குழாய்களில் நீர் உறைந்துவிடுவதால் பல விடுதிகள் மூடிக் கிடக்கும், திறந்திருப்பவற்றிலும் பெரும்பாலும் வாளியில்தான் வெந்நீர் வரும். ஆகவே முன்பதிவு செய்யும்போது அறையில் கணப்பு வசதி உண்டா என்பதை முதலில் கேளுங்கள். சன்னல் வழியே தெரியும் காட்சியைப் பற்றிப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். ‘புகாரி’ என்னும் இரும்பு அடுப்புதான் இருக்கிறது என்றால், அதை எரியவிட்டு உறங்கக் கூடாது.

மணாலிச் சாலை பனியால் அடைபட்டிருக்கும் என்பதால் விமானமே ஏற்ற வழி. அதுவும் வானிலை கெட்டால் ரத்தாகும். ஊர் திரும்பியதும் தவிர்க்க முடியாத வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரேயடியாக அவ்வளவு உயரத்தில் போய் இறங்குவதால் முதல் 48 மணி நேரம் ஓய்வு கட்டாயம். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். லேவுக்கு அருகிலுள்ள ஸ்பிடுக் பௌத்த மடத்தில் முகமூடி நடனத்துடன் நடைபெறும் குஸ்டோர் திருவிழா பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். தேதியை விசாரித்துக்கொண்டு பயணத்தை அதையொட்டி அமைத்துக்கொள்ளுங்கள்.