சீருடை இல்லாத கமிஷனர்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

லெஸ்டரில் வசிக்கிறேன். வேலை விசாவில் வந்தவன்தான். ஆனாலும் 2024 மே மாதம் ‘போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனர்’ தேர்தலுக்கு எனக்கும் வாக்காளர் அட்டை வந்தது. நிற்பவர்கள் யாரென்றே தெரியாமல் ஒருவருக்குப் போட்டுவிட்டு வந்தேன். இப்போது அந்தப் பதவியையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று செய்தி. அவர் போலீஸ்காரரா, அரசியல்வாதியா? என்னதான் செய்வார்? எப்படி வருகிறார், எப்படிப் போகிறார்? லண்டனில் இருக்கும் என் தம்பியோ தனக்கு இப்படி ஓர் அட்டையே வந்ததில்லை என்கிறான்.

ஒரு வாசகர், லெஸ்டர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி சொல்வது சரி. லண்டன் மாநகரக் காவல்துறையை மேயர் பார்த்துக்கொள்கிறார். சிட்டி ஆஃப் லண்டன் காவல்துறைக்குத் தனி ஏற்பாடு. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இந்தப் பதவி கிடையாது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீதமிருந்த 41 காவல் எல்லைகளுக்கு 2012 நவம்பர் 15 அன்று முதல் தேர்தல் நடந்தது. உங்களுக்கு வாக்கு இருப்பதற்குக் காரணம், காமன்வெல்த் குடிமக்கள் முறையான விசாவோடு அங்கே வசித்தால் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்பது. இந்தியர், இலங்கையர் இருவருக்கும் இது பொருந்தும். தேர்தலில் நிற்பதென்றால் நிரந்தர வசிப்புரிமை வேண்டும்.

நம் காதுக்குக் குழப்பம் தருவது பெயர்தான். சென்னையில் கமிஷனர் என்றால் சீருடையும் நட்சத்திரங்களும். இவர் சீருடை போடுவதில்லை, யாரையும் கைது செய்ய முடியாது, எந்த வழக்கை எடு, எதை விடு என்று சொல்லவும் முடியாது. அதெல்லாம் சீஃப் கான்ஸ்டபிளின் வேலை. (அங்கே அது உச்சப் பதவி, நம்மூர் கான்ஸ்டபிளை நினைக்கக்கூடாது.) பிசிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவர், அந்த சீஃப் கான்ஸ்டபிளை நியமிப்பவர், பணம் ஒதுக்குபவர், கணக்குக் கேட்பவர். அதற்கு முன் இந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் 17 பேர் கொண்ட போலீஸ் ஆணையம். கவுன்சிலர்களும் நியமன உறுப்பினர்களும் கலந்து உட்கார்ந்திருந்த அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

வேட்புமனுவுக்கு 5,000 பவுண்டு டெபாசிட். முதல் தேர்தலில் 100 வாக்காளர்களின் கையெழுத்தும் கேட்டார்கள். 5 சதவீத வாக்கு வாங்காவிட்டால் டெபாசிட் காலி. ஆனால் பலரைக் கவிழ்த்தது இதுவல்ல, தகுதியிழப்பு விதி. சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் ஒன்றில் வாழ்நாளில் எப்போதாவது தண்டிக்கப்பட்டிருந்தால் போதும். அபராதத்தோடு விட்டிருந்தாலும், அப்போது சிறுவனாகவே இருந்திருந்தாலும், நிற்க முடியாது. நாடாளுமன்ற வேட்பாளருக்குக்கூட இத்தனை கடுமை இல்லை. 2012இல் ஏவன்-சாமர்செட் வேட்பாளர் ஒருவர், 13 வயதில் ஏர்கன் தொடர்பாக அபராதம் கட்டிய பழைய வழக்கால் விலகினார். 2021இல் வில்ட்ஷையரில் நடந்தது இன்னும் மோசம். வாக்குப்பதிவு முடிந்து, எண்ணுவதற்குச் சற்று முன்னால், வேட்பாளர் ஒருவர் பல வருடங்களுக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றவர் என்று தெரிந்தது. எண்ணினால் அவர்தான் முதலிடம்! பதவியேற்க முடியாது. ஆகஸ்டில் மறுபடி தேர்தல். மனுவை வாங்கும் அதிகாரிக்கு வேட்பாளரின் குற்றப்பின்னணியைத் துருவிப் பார்க்கும் வேலை இல்லை. வேட்பாளரே ‘எனக்குத் தகுதி உண்டு’ என்று கையெழுத்திடுகிறார். ஓட்டை அங்கேதான்.

வந்த பிறகு அவருடைய வருடத்தை நகர்த்துவது வரிதான். காவல்துறைக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி உள்துறையிலிருந்து, மற்றது கவுன்சில் டாக்ஸில் (வீடுகளுக்கு உள்ளாட்சி வாங்கும் வரி) சேரும் ‘பிரிசெப்ட்’ என்ற தனி வரியிலிருந்து. சர்ரேயில் பாதிக்கும் மேல் வரிப்பணம். பிசிசி தன் உத்தேச வரியைப் பிப்ரவரி 1க்குள் போலீஸ்-கிரைம் பேனலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பகுதிக் கவுன்சிலர்களும் குறைந்தது இரண்டு வெளியாட்களும் இருக்கும் குழு அது. 8ஆம் தேதிக்குள் பேனல் பரிசீலிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் எதிர்த்தால் வீட்டோ. உடனே பிசிசி தொகையை மாற்றிக் கொடுப்பார். அதையும் பேனல் நிராகரிக்கலாம், ஆனால் இரண்டாவது நிராகரிப்புக்குச் சட்டப்படி பலம் இல்லை. மார்ச் 1க்குள் வரி அறிவிக்கப்பட்டுவிடும். சீஃப் கான்ஸ்டபிள் நியமனத்திலும் இதே கதைதான்: ஒருவரைத் தடுக்கலாம், அடுத்தவரைத் தடுக்க முடியாது. கடிவாளம் என்று பேர், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

மத்திய அரசு வைக்கும் உச்சவரம்பைத் தாண்டி வரி போட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதைத் துணிந்து செய்தவர் பெட்ஃபோர்ட்ஷையரின் ஆலி மார்ட்டின்ஸ் ஒருவர்தான். 2015இல் 15.8 சதவீத உயர்வு கேட்டார், கூடுதலாக 100 போலீஸாரை எடுப்பதற்காக. மே 7, பொதுத்தேர்தல் நாளிலேயே வாக்கெடுப்பு. பத்துக்கு ஏழு பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். புது வரியை வைத்து ஏற்கெனவே பில் அனுப்பியிருந்ததால் அதைத் திருப்பிக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு தேர்தலில் அவரும் தோற்றார். அதன்பின் எந்த பிசிசியும் அந்தப் பக்கம் போகவில்லை.

இவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டீர்கள். அதற்குத் தெற்கு யார்க்‌ஷையரைப் பார்த்தாலே போதும்.

2012இல் அங்கே வென்றவர் ஷான் ரைட், தொழிற்கட்சி. 2005 முதல் 2010 வரை ராதர்ஹாம் கவுன்சிலில் குழந்தைகள் நலத்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். 2014 ஆகஸ்டில் அலெக்ஸிஸ் ஜேயின் விசாரணை அறிக்கை வந்தது: 1997 முதல் 2013 வரை அந்த ஊரில் சுமார் 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. பிரதமர் விலகச் சொன்னார். உள்துறை அமைச்சர் தெரசா மே விலகச் சொன்னார். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஆனால் விலக்க அவருக்கு அதிகாரம் இல்லை, பேனலுக்கும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் வழக்குப் பதிவானால் மட்டும் பேனல் இடைநீக்கம் செய்யலாம். ரைட் கட்சியை விட்டு விலகி, பதவியில் ஒட்டிக்கொண்டிருந்து, செப்டம்பர் 16 அன்றுதான் ராஜினாமா செய்தார்.

இடைத்தேர்தலில் வந்தவர் ஆலன் பில்லிங்ஸ். ஆங்கிலிகன் பாதிரியார், 1980களில் ஷெஃபீல்ட் கவுன்சிலின் துணைத் தலைவர். மூன்று முறை வென்று 2024 வரை இருந்தார். அவரும் ஒருமுறை நன்றாகச் சறுக்கினார். 2016 ஏப்ரல் 26 அன்று ஹில்ஸ்பரோ மரண விசாரணை ஜூரி, 1989இல் இதே காவல்துறை பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த கால்பந்து மைதான நெரிசலில் இறந்த 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று தீர்ப்பளித்தது. மறுநாளே சீஃப் கான்ஸ்டபிள் டேவிட் கிராம்ப்டனை பில்லிங்ஸ் இடைநீக்கம் செய்தார், பிறகு ராஜினாமா கேட்டார். ஒரு சீஃபை வெளியேற்ற வரிசை உண்டு: எழுத்தில் காரணம், காவல்துறைகளை மேற்பார்வையிடும் தலைமை ஆய்வாளரின் கருத்து, பேனலின் விசாரணை, அதற்குப் பிறகு முடிவு. தலைமை ஆய்வாளர் கூடாது என்று சொல்லியும் பில்லிங்ஸ் மேலே போனார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய முடிவுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. லிங்கன்ஷையரிலும் 2013இல் இப்படி ஓர் இடைநீக்கத்தை நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. சட்டத்தை மேலோட்டமாகப் படித்தால் சீஃபை அனுப்புவது ஒரு கையெழுத்து வேலை போலத் தெரியும். ஊர் கொதிக்கும்போது அந்தக் கையெழுத்தைப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இப்படி விபத்தாக முடிந்தவை குறைவு. பெரும்பாலான பிசிசிக்களைக் கொண்டுவந்ததும் அனுப்பியதும் கட்சி அலை. 2012இல் 12 சுயேச்சைகள் வென்றார்கள், 2016இல் மூன்று, 2021இல் ஒருவரும் இல்லை. 2012இல் வாக்குப்பதிவு சுமார் 15 சதவீதம். நியூபோர்ட்டில் ஒரு வாக்குச்சாவடியில் ஒருவர்கூட வரவில்லை. 2014இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் இடைத்தேர்தல் 10 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஆளைத் தெரியாதபோது சின்னத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். நீங்களும் அதில் விலக்கல்ல. உங்கள் லெஸ்டர்ஷையர் பிசிசி ரூபர்ட் மேத்யூஸ் கன்சர்வேட்டிவாக வென்று 2025 ஆகஸ்டில் ரிஃபார்ம் கட்சிக்குப் போனார். அதற்காக மறுதேர்தல் நடத்தத் தேவையில்லை.

2025 நவம்பரில் அரசு அறிவித்தபடி 2028 மே மாதம் இப்போதைய பதவிக்காலத்தோடு பிசிசிக்கள் போகிறார்கள். மேயர் இருக்கும் இடத்தில் வேலை மேயரிடம் போகும். மான்செஸ்டரில் 2017லேயே, தெற்கு யார்க்‌ஷையரில் 2024இல் போய்விட்டது. மற்ற இடங்களில் கவுன்சில் தலைவர்கள் உட்காரும் வாரியம். பழைய போலீஸ் ஆணையத்தின் சாயல் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம். பிசிசி முறையில் தவறு, தேர்தல் வைத்ததில் இல்லை. தேர்ந்தெடுத்தவரை இடையில் இறக்க வழி வைக்காததில்தான். ஆனால் புது வாரியம் சொதப்பினால் யார் பெயரைச் சொல்லித் திட்டுவது என்ற கேள்வி திரும்பி வரும்.

அதுவரை, கவுன்சில் டாக்ஸ் பில்லைப் பிரித்துப் பாருங்கள். காவல்துறைக்கான தொகை தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அதைப் பரிசீலிக்கும் பேனல் கூட்டம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ நடக்கும். பொதுமக்கள் போய் உட்காரலாம்.