காட்டில் தங்கிப் பழக எத்தகைய உடையும் கருவிகளும் வாங்க வேண்டும்?

ராயபுரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். காட்டில் குறைந்த பொருட்களோடு தங்கிச் சமைத்து வாழப் பழகும் புஷ்கிராஃப்ட் கலையின் காணொளிகளைப் பார்த்து ஆர்வம் வந்திருக்கிறது, கையில் 30,000 ரூபாய் இருக்கிறது, மெழுகு பூசிய கித்தான் மேலங்கி, கம்பளிச் சட்டை, சிறு கோடரி, தோலுறைக் கத்தி ஆகியவற்றில் எதை முதலில் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. நான் பக்கத்துத் தண்டையார்பேட்டைக்காரன். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். 12 ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் நாகலாபுரம், ஜவ்வாது, கொல்லிமலை என்று அலைந்து, உங்கள் பட்டியலில் உள்ள நான்கையும் வாங்கியோ செய்தோ பார்த்து, அவற்றில் இரண்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

காணொளிகளில் வரும் அந்த உடுப்பு கனடா, சுவீடன், இங்கிலாந்து போன்ற நாடுகளின் குளிர்ந்த, ஈரமான காடுகளுக்கு ஏற்றது. அங்கே ஆளை வீழ்த்துவது உடற்சூட்டின் இழப்பு. நமக்கு எட்டும் தொலைவில் உள்ள காடுகளில் முதல் பகை வியர்வை, அடுத்தது முள், அதற்கடுத்தது, நம் கரையோர வீடுகளில் பொருள் சும்மா கிடக்கும்போதே அதைத் தின்னும் உப்புக்காற்று. மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வந்து நிற்கும். மெழுகு மேலங்கியை நான் கடையில் வாங்கவில்லை. கித்தான் துணி வாங்கித் தைத்து, தேன்மெழுகையும் பாரஃபின் மெழுகையும் உருக்கிப் பூசி, பெருமையோடு ஆணியில் மாட்டினேன். மே மாத வெயிலில் அந்த மெழுகு இளகிச் சுவரில் இறங்கிய மஞ்சள் கறை இன்றும் இருக்கிறது. விருந்தினர் வரும்போதெல்லாம் என் மனைவி அதைக் காட்டாமல் இருப்பதில்லை. காற்றே புகாத அந்த அங்கியை அணிந்து நாகலாபுரத்தில் நடந்த அரை மணி நேரத்தில், மழையே பெய்யாமல் நான் முழுவதும் நனைந்திருந்தேன்.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே உங்கள் உடம்போடு நாள் முழுவதும் இருக்கப்போகிறது. நிலையான ஆய்வகச் சூழலில் பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை எடுத்துக்கொள்ளும். கம்பளி 16 விழுக்காடு வரை எடுக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூடத் தொடாது. குளிர்நாட்டு மலையேறிகள் பருத்தியைக் கண்டால் அஞ்சுவதற்குக் காரணம், நனைந்த பருத்தி காயாமல் உடலின் சூட்டைத் தொடர்ந்து உறிஞ்சும் என்பதே. அதே குணம் நம் சமவெளி வெயிலில் வரமாகிவிடுகிறது. நனைந்த பருத்திச் சட்டையின் மேல் காற்று படும்போது கிடைக்கும் குளிர்ச்சிக்காகத்தானே நம் பெரியவர்கள் துண்டை நனைத்துத் தலையில் போட்டார்கள். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள கொல்லிமலையில் மார்கழி மாலையில் அதே சட்டை உங்களை நடுங்க வைக்கும். ஆகவே பகலுக்குத் தொளதொளப்பான முழுக்கைப் பருத்திச் சட்டை, இரவுக்கென்று நெகிழிப் பையில் கட்டி வைத்த உலர்ந்த சட்டை ஒன்று, மலைக்குப் போனால் மட்டும் மெல்லிய கம்பளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் பனியன்கள் சீக்கிரம் காயும் என்பது உண்மை. ஆனால் அடுப்பருகே ஒரு பொறி பட்டாலும் உருகித் தோலில் ஒட்டும் என்பதால், சமைக்கும்போது நான் அவற்றை அணிவதில்லை.

கால்சட்டைக்கு விலையுயர்ந்த மலையேற்ற வகைகளைத் தேட வேண்டாம். தொழிற்சாலைச் சீருடைக்குப் பயன்படும் கனத்த காட்டன் டிரில் அல்லது டெரிகாட்டன் துணி, சீமைக்கருவேல முள்ளையும் ஈச்சம் முள்ளையும் மலையேற்றக் கடைகளின் மெல்லிய நைலானைவிட நன்றாகத் தாங்கும். துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு துணிக்காக இணையத்தில் அலைவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. துணியை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவின் தையற்கடைக்குப் போங்கள். எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாய் என் முதல் கால்சட்டைக்கான குறிப்பைக் கேட்டுவிட்டு, “தம்பி, இது பேண்ட்டா, மூட்டையா?” என்றார்; இப்போது அவரே எனக்கு யோசனை சொல்கிறார். கவுட்டையில் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்; பாறையில் காலை உயர்த்தும்போது தையல் பிரிவது அங்கேதான். முட்டியில் இரண்டாவது அடுக்கு வைத்து, அதன் கீழ் ஓரத்தை மட்டும் தைக்காமல் விட்டால் மணலும் முள்ளும் தாமாகக் கீழே விழுந்துவிடும். கால்சட்டையின் பின்பக்கத்தில் பை தேவையில்லை, தொடையின் பக்கவாட்டில், நடக்கும்போது முட்டியை இடிக்காத உயரத்தில், மூடி வைத்த பை ஒன்று போதும். ஜிப் வேண்டாம், பட்டன் போதும். உப்புக்காற்றில் இறுகிப்போன ஜிப்பைக் காட்டில் யாராலும் பழுதுபார்க்க முடியாது, பட்டனை ஊசியும் நூலும் இருந்தால் எவரும் தைத்துவிடலாம். கால் நுனியில் இறுக்கிக் கட்ட நாடா வைப்பது அழகுக்காக அன்று. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நம் மாநிலத்தில் உண்டு. புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் கடியால் அது வருகிறது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக் கட்டுவதும், புல்தரையில் நேரடியாக உட்காராமல் இருப்பதும் எளிய காப்பு. காட்டுக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், போன இடத்தை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

படைவீரர் உடுப்பைப் போன்ற புள்ளித் துணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வனக்காவலரும் கிராமத்தாரும் உங்களை ஐயத்தோடு பார்ப்பார்கள்.

காலணியில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பெயர்பெற்ற காலணி ஒன்றை வாங்கி, இரண்டு மழைக்காலம் பெட்டியிலேயே பத்திரப்படுத்தி, பிறகு நாகலாபுரத்து ஓடையில் இறங்கினேன். முதல் மணி நேரத்திலேயே அடிப்பாகம் மேல்தோலிலிருந்து கழன்று, மீன்வாய் போலத் திறந்துகொண்டது. பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் பயன்படுத்தாமல் கிடந்தாலும் உள்ளேயே சிதைந்துவிடும் என்பதை அதன் பிறகே அறிந்தேன். பையில் இருந்த காசிமேட்டு வலைநூலால் சுற்றிக் கட்டி, நொண்டியபடி வண்டிப் பாதைக்குத் திரும்பினேன். இப்போது எந்தக் காலணி வாங்கினாலும் முதல் வேலையாகச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியைச் சுற்றிலும் நூல் தையல் போட்டுவிடுகிறேன். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாம்பு பிடிப்போரைப் பார்த்து, நாமும் அதிகம் பாதுகாப்பில்லாத கால்களோடு போகலாமே என்று எண்ண வேண்டாம். அவர்கள் கண் வேறு. தடத்தைப் பார்த்தே பாம்பின் வளையைச் சொல்லும் கண் அது. அந்தத் திறனுக்காகவே வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குக் கணுக்காலை மூடும் காலணியும் தொளதொளப்பான தடித்த கால்சட்டையும் தேவை. சுருட்டை விரியன் நம் முட்காடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது.

கத்திக்கு வருவோம். லாரியின் வில்பட்டையை அடித்துக் கொல்லர் செய்து தரும் கத்தி, வெளிநாட்டுக் கத்தியைவிடப் பார்வைக்கு முரடாக இருந்தாலும், அந்த எஃகு உடையாமல் வளைந்து தாங்குவது. வீட்டு அரத்தாலும் சாணைக்கல்லாலும் தீட்டலாம். துரு மட்டுமே அதன் குறை. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நம் வீடுகளில் தோலுறைக்குள் வைத்த கத்தி ஒரே வாரத்தில் செம்புள்ளி காட்டும், ஏனெனில் தோல் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையைப் பயணத்துக்கு மட்டும் பயன்படுத்தி, வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வையுங்கள். நீளம் நான்கு விரற்கடை அளவில் போதும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை, வீடு, வேளாண்மை, தொழில் போன்ற பயன்பாட்டுக்கானவை தவிர, படைக்கல விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, இரவு பத்து மணிக்கு வடசென்னையில் கத்தியோடு சோதனையில் நின்று புஷ்கிராஃப்ட் என்றால் என்னவென்று விளக்கும் துணிவு எனக்கில்லை. கத்தியைப் பையின் அடியில், துணியில் சுற்றிக் கட்டி, வண்டியில் மட்டுமே கொண்டுபோகிறேன். ஒருமுறை கத்தி இல்லாத நாளில் ரோந்துக் காவலர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே தூக்குவாளி, துண்டு, எலுமிச்சம்பழம், ஒரு டப்பா கற்பூரம். “எந்தக் கோயிலுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். கோடரி இங்கே தேவையே இல்லை.

அந்தக் கற்பூரத்தையும் தூக்குவாளியையும் நான் விளையாட்டாக வைத்திருக்கவில்லை. கற்பூரம் ஈர விறகிலும் நின்று எரியும். ஆவியாகிப்போகும் என்பதால் இறுக்கமான டப்பா வேண்டும். தென்னையின் பன்னாடையைப் பிய்த்து உதிர்த்தால் உரசித் தீ மூட்டும் கம்பியின் பொறியை உடனே பிடித்துக்கொள்ளும். ஒற்றைச் சுவர் கொண்ட எவர்சில்வர் தூக்குவாளி, வெளிநாட்டார் ஐந்து மடங்கு விலைக்கு விற்கும் பாத்திரத்தின் வேலை முழுவதையும் செய்கிறது. ஆனால் தீ எங்கே மூட்டுவது என்ற கேள்வி இதற்கெல்லாம் முந்தியது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கும் மேல் மாண்டதை நாம் பார்த்திருக்கிறோம். காட்டை நடந்து பார்க்க, அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகள் இருக்கின்றன. நமக்கு அருகில் உள்ளது திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதை. தங்கவும் சமைக்கவும் பழக, தெரிந்தவர் தோப்பே தக்க இடம். என் மாமாவுக்குப் பழவேற்காட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கேயும் சருகைப் பத்தடி சுற்றளவுக்குக் கூட்டி ஒதுக்கி, குழி தோண்டிய பிறகே அடுப்பு மூட்ட விடுவார்.

கூடாரத்துக்குப் பதிலாகப் பத்தடிக்குப் பத்தடி தார்ப்பாய் வாங்குங்கள். அதன் ஓர வளையங்களை நம்பாதீர்கள். காற்று ஒருமுறை இழுத்தால் பிய்ந்துவிடும். கூழாங்கல்லைத் தார்ப்பாயின் உட்புறம் வைத்து, வெளியிலிருந்து அதன் கழுத்தைக் கயிற்றால் இறுக்கினால் எந்த இடத்திலும் புதுப் பிடி கிடைக்கும். கயிற்றைக் காசிமேட்டில் வாங்கலாம், ஆனால் வகை பார்த்து வாங்க வேண்டும்: பாலிபுரொப்பிலீன் நீரில் மிதக்கும், மலிவு, எனினும் வெயிலில் நொறுங்கும், முடிச்சும் வழுக்கும், நைலான் வலியது, ஆனால் நனைந்தால் நீளும், அதனால் நள்ளிரவு மழையில் தார்ப்பாய் தொய்ந்து உங்கள் முகத்தில் நீர் கொட்டும், பாலியெஸ்டர் கயிறுதான் கட்டிய இறுக்கத்தில் பெரும்பாலும் நிற்பது.

இந்தப் பொருட்களை நான் உண்மையில் நம்பி நின்றது காட்டில் அன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் என் அத்தை வீட்டில். ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாயைக் கூழாங்கல் முடிச்சோடு இழுத்துக் கட்டினோம். மின்சாரம் இல்லாத இரவுகளில் நெற்றி விளக்கு கைகளை விடுவித்தது. ஆனால் நான் பெரிதும் பெருமைப்பட்டிருந்த நுண்துளை இழைகளாலான நீர்வடிகட்டி அன்று பயன்படவில்லை. தெருவில் நின்ற வெள்ளத்தில் எண்ணெய் கலந்திருந்தது. அத்தகைய வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்குமே தவிர, எண்ணெயையும் கரைந்த வேதிப்பொருளையும் தடுக்காது. அத்தை முன்கூட்டியே குடங்களில் நிரப்பி வைத்திருந்த நீர்தான் எங்களைக் காத்தது. அந்த வாரத்துக்குப் பிறகு, எது பழுதானாலும் நானே ஊசி, நூல், அரம் கொண்டு சரிசெய்யக்கூடிய பொருளைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். நெற்றி விளக்கு ஒன்றே விலக்கு, அதனால் அதில் இரண்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் 30,000 ரூபாயில், என் கணக்குப்படி, துணி, தையற்கூலி, காலணி, கத்தி, தார்ப்பாய், கயிறு, விளக்குகள் எல்லாம் சேர்ந்து பாதியைத் தாண்டாது. வாங்கியதும் மொட்டைமாடியில் மழை நாளில் தார்ப்பாய் கட்டி ஓர் இரவு படுத்துப் பாருங்கள். எந்த முடிச்சு நழுவுகிறது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். கால்சட்டைக்கான துணியை மட்டும் ஆடி, ஆவணிக்குள் தையற்கடையில் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் கவுட்டையில் சாய்சதுரத் துண்டு வைக்கச் சொன்னால், எங்கள் பாய்கூட என்னைக் கடை வாசலில் நிற்க விடமாட்டார்.