பெண்கள் நடத்தும் டிபன் கடைகளில் வருமானம் குறைவு என்கிறார்களே, கும்பகோணம் பக்கம் நிலவரம் என்ன?

உங்கள் தங்கை திருநாகேஸ்வரத்தில் டிபன் கடை வைக்கப் போகிறார். கடன் கேட்கப் போன வங்கியில், "லேடீஸ் நடத்துகிற கடையில் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் எப்போதும் கம்மிதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது சரியா என்பது உங்கள் கேள்வி.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மெஸ், டிபன் கடை, டீக்கடை, இரண்டு மூன்று சிறிய லாட்ஜ். வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வங்கிக்காரர் கையில் இருக்கும் எண்ணில் பாதி, ஆளை எண்ணத் தவறியதால் வந்தது.

என்னிடம் உள்ள இரண்டு கடைகளைச் சொல்கிறேன். யார் கடை என்று தெரியக் கூடாது என்பதால் எண்களை உருட்டியிருக்கிறேன். ஒன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், அண்ணன் ஒருவர் நடத்துவது. நாள் விற்பனை 13,000 ரூபாய். மளிகை, காய்கறி, சிலிண்டர், இலை எல்லாம் 7,500 போனால் மிச்சம் 5,500. ஆட்கள் நான்கு பேர்: கல்லாவில் அவர், ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர், இலை எடுத்து மேசை துடைக்கும் பெரியவர். ஆளுக்கு 1,375. இரண்டாவது கடை கோவில் தெருவில் ஒரு அக்கா, வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கி நடத்துவது. விற்பனை 6,500, செலவு 3,500, மிச்சம் 3,000. அக்காவும் இரண்டு பெண்களும். ஆளுக்கு 1,000. இந்த அளவில் பார்த்தால் வங்கிக்காரர் சொன்னது அப்படியே சரி. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த அண்ணனின் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். நாற்பது நாள் கட்டு. அந்த மாத நோட்டைப் பார்த்தபோது, அதுவரை இல்லாத இரண்டு வரிகள் புதிதாக முளைத்திருந்தன. "மாவு வாங்கியது" என்று நாளுக்கு 600. "காய் நறுக்க, சட்னி அரைக்க ஆள்" என்று நாளுக்கு 500. அதற்கு முன் எட்டு வருடமாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கிரைண்டர் போட்டவர், மாவைத் தூக்கில் நிரப்பி வண்டியில் ஏற்றிவிட்டவர், அந்தக் கடைக்கே பெயர் வாங்கித் தந்த கடப்பாவுக்குப் பாசிப்பருப்பு வேகவைத்தவர், யாருடைய கணக்கிலும் இல்லை. என் கணக்கிலும் இல்லை. நான்தான் எழுதினேன், எனவே இந்தக் குற்றம் என்னுடையதும்தான். (வெளியூர்க்காரர்களுக்கு: கடப்பா என்பது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து இட்லிக்கு எங்கள் ஊரில் வைப்பது. அந்த நாற்பது நாளும் கடப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் பாதியாகிவிட்டது.)

நாளுக்கு 1,100 ரூபாய் வேலை. 5,500-இல் அதைக் கழித்துவிட்டு நான்கு பேருக்குப் பிரித்தால் 1,100. அல்லது அந்த மனைவியையே ஐந்தாவது ஆளாக எண்ணி ஐந்தால் வகுங்கள், அதே 1,100 வருகிறது. நியாயத்துக்கு அக்கா கடையையும் பார்க்க வேண்டும். அங்கேயும் சம்பளமில்லாத கை உண்டு. மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் தண்ணீர் வைப்பாள், கணவர் சிலிண்டர் எடுத்து வருவார். கால் ஆள் என்று வைத்தால் ஆளுக்கு 923. ஆக 375 ரூபாயாகத் தெரிந்த இடைவெளி 177-க்கு வந்துவிடுகிறது. எல்லாக் கடையிலும் இதே விகிதம் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆண்கள் கல்லாவில் உட்காரும் டிபன் கடைகளில், பின்னால் ஒரு பெண் மாவு அரைக்காத கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. பெண் கடை வைத்தால் அப்படிப் பின்னால் நிற்க அவருக்கு ஒரு மனைவி இல்லை.

அரசின் கணக்கெடுப்புப் படிவத்தில் சம்பளமில்லாமல் உழைக்கும் குடும்பத்தாருக்கு இடம் உண்டு. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்பவர் கல்லாவில் இருப்பவர். "மனைவி என்ன செய்கிறார்?" என்றால் "சும்மாதான் இருக்கிறார்" என்பார். உலக வங்கி பல நாடுகளில் எடுக்கும் நிறுவனக் கணக்கெடுப்போ, பொதுவாக ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பதிவுபெற்ற நிறுவனங்களைத்தான் பார்க்கிறது. நம் கோவில் தெரு அதன் கண்ணிலேயே படாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவில் உரிமையாளர் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். பெண்களுக்கான கடன், மானியம் வருகிறது என்றவுடன் கணவர்கள் மனைவி பெயரில் பதிவு செய்ய என்னிடம் வருகிறார்கள். கையெழுத்துப் போட மட்டும் அந்த அம்மா வருவார், கடை எந்தத் தெருவில் என்று கேட்டால் கணவர் முகத்தைப் பார்ப்பார். இவை எல்லாம் "பெண் தொழில்முனைவோர்" பட்டியலில். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் என்ன தேறும்?

சரி, மிச்சமுள்ள அந்த 177 ரூபாய். அது நிஜம்.

முதல் காரணம் நேரம். அண்ணன் கடை காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை. அக்கா காலை ஆறு முதல் பத்தரை, பிறகு மதியச் சாப்பாடு மூன்று மணி வரை. அவ்வளவுதான். "சாயங்காலமும் திறந்தால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "திறக்கலாம் தம்பி. மாமியாருக்கு இன்சுலின் போட நீங்கள் வருகிறீர்களா?" என்றார். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். எங்கள் ஊரில் மூன்று மணி நேரம் என்பது ஒரு முழு இரவு டிபன் வியாபாரம்.

இரண்டாவது, விற்கிற பண்டம். பணம் புரள்வது இரவு பரோட்டாவிலும், நாள் முழுக்க டீயிலும். இந்தப் பக்கம் பரோட்டா மாஸ்டர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வருவார்கள், கோபம் வந்தால் மறுநாள் வர மாட்டார்கள். அக்கா ஒருவரை வைத்துப் பார்த்தார். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று கேட்டதற்கு, "உங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள்" என்றிருக்கிறார் மாஸ்டர். ஐந்தே நாளில் அக்கா கணக்கை முடித்து அவரை அனுப்பிவிட்டார். அதனால் இட்லி, பொங்கல், சாப்பாடு என்று குறைந்த விலைப் பண்டத்திலேயே நிற்கிறார். வங்கிக்காரர் இரண்டையும் "உணவகம்" என்று ஒரே தலைப்பில் போடுகிறார். பரோட்டாக் கடையையும் இட்லிக் கடையையும் ஒப்பிட்டுவிட்டு ஆண் பெண் வித்தியாசம் என்பது என்ன கணக்கு?

மூன்றாவது, வேன். இது வெளியே தெரியாத விஷயம். நவக்கிரகக் கோவில்களை ஒரே நாளில் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து விடியலிலேயே வேன்கள் கிளம்புகின்றன. பன்னிரண்டு பேர் இருக்கும் வேன் எந்தக் கடை வாசலில் நிற்கும் என்பதை முடிவு செய்பவர் டிரைவர். அவருக்குச் சாப்பாடு இலவசம், சில இடங்களில் கையிலும் கொஞ்சம் கொடுப்பார்கள். இந்தப் பழக்கமெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல் டீக்கடைப் பெஞ்சில் உருவாவது. அந்தப் பெஞ்சில் அக்காவுக்கு இடமில்லை.

மற்றபடி முதலீட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் நீட்டவில்லை. பஸ் நிலையத்தருகே கடைக்கு அட்வான்ஸ் கட்ட முடியாதவர் வீட்டு வாசலில் தொடங்குகிறார். நடமாட்டம் குறைவு, விற்பனையும் குறைவு. நகையை வைத்து வாங்கிய பணத்தில் யாரும் துணிந்து விரிவுபடுத்த மாட்டார்கள். நானாக இருந்தாலும் மாட்டேன்.

லாட்ஜ்களில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெரிவதில்லை, அங்கே சம்பாதிப்பது கட்டடம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அறை யாருடையது என்று பார்த்து யாரும் வருவதில்லை. நள்ளிரவில் வரும் கூட்டத்துக்கு யார் கதவு திறப்பது என்பது மட்டும்தான் பிரச்சினை, அதற்கு ஓர் ஆள் சம்பளம் கூடுதல்.

அக்கா கடையில் எனக்குப் பிடித்தது ஒன்று: மாவு தீர்ந்தால் கடை மூடல். குப்பைக்குப் போவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அண்ணன் கடையில் மழை நாளில் மிஞ்சும் சாம்பாரைப் பார்த்தால் வயிறு எரியும். பிடிக்காதது, பற்று நோட்டு. உறவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு "எழுதிக்கொள் அண்ணி" என்று போய்விடுகிறார்கள். கொழுந்தனாரிடம் வசூலிக்கும் வழியை நான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் படித்ததில்லை.

உங்கள் தங்கைக்கு: திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலாபிஷேகத்துக்குத்தான் கூட்டம், அதிலும் ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை. அபிஷேகம் முடிந்து பசியோடு வெளியே வருகிறவர்களைப் பிடிக்கிற கடைதான் அங்கே நிற்கும், காலை இட்லியை மட்டும் நம்பினால் சிரமம். எனவே கடன் படிவத்தை நிரப்பும் முன், ஞாயிறு மாலை அவர் அடுப்படியில் நிற்கும்போது வீட்டில் யார் உலை வைப்பார்கள் என்பதை மாப்பிள்ளையிடம் பேசி முடித்துவிடுங்கள். மாவு அரைக்க வீட்டு ஆளையே நம்பினாலும் அதற்கொரு கூலி வரியை முதல் நாளிலிருந்தே நோட்டில் போடச் சொல்லுங்கள். கடை பிடிப்பதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். கும்பகோணத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெருங்கூட்டம் கூடும் மகாமகம், 2016-க்குப் பிறகு அடுத்து 2028-இல், அட்வான்ஸ் கேட்பவர்கள் அதை இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.