தேடிய வரியிலேயே விம் திறக்க ஒரு சுருக்கக் கட்டளை

நிரல் கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடி, அது கிடைத்த வரியிலேயே விம் எடிட்டரைத் திறப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தேடுசொல்லைக் கட்டளையின் நடுவில் செருக, முனையத்தில் கட்டளைகளை இயக்கும் பாஷின் அலியாஸால் (கட்டளைக்கு இடும் சுருக்கப் பெயர்) இயலாது என்பதால், பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் (.bashrc) ஒரு ஃபங்ஷனாகவே எழுத வேண்டும். அதற்குள், கோப்புகளில் சொல் தேடும் கருவியான ரிப்கிரெப்பை (rg) 'விம்கிரெப்' (--vimgrep) என்ற விருப்பத்துடன் இயக்கினால், ஒவ்வொரு பொருத்தமும் கோப்புப் பெயர், வரி எண், நெடுவரிசை எண் ஆகியவற்றோடு தனி வரியாக வரும்; அந்த வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பொன்றில் சேமித்து, விம்மை 'கியூ' (-q) விருப்பத்தோடு அக்கோப்பின் பெயரைக் கொடுத்துத் திறந்தால், முதல் பொருத்தத்திலேயே போய் நிற்கும். அடுத்ததற்குச் செல்ல விம்முக்குள் 'சிநெக்ஸ்ட்' (:cnext) கட்டளை போதும். இதற்கென விம்மில் தனிச் செருகுநிரல் (plugin) வீண் சுமை என்பதே என் கருத்து. ஃபங்ஷனுக்குள் தேடுசொல்லைக் குறிக்கும் டாலர் 1-ஐ ($1) இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். இல்லையேல், இடைவெளியுள்ள தொடரின் இரண்டாம் சொல்லைக் கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு ரிப்கிரெப் பிழை காட்டும்.