வாசகர் கேள்வி-பதில்: படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் மீண்டும் சேர முடியுமா?

கேள்வி: எங்கள் மகன் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து, தென் கரோலினாவிலுள்ள ஃபோர்ட் ஜாக்சனில் அடிப்படைப் பயிற்சியில் இருந்தபோது அவனுக்கு மூச்சிரைப்பு ஏற்பட்டது. ஒன்பதாம் வகுப்பில் சில மாதங்கள் இன்ஹேலர் பயன்படுத்தியிருந்தான் என்பது அப்போது தெரியவந்ததால், மருத்துவத் தகுதி இல்லை என்று கூறி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடுவிப்புச் சான்றிதழில் ‘ஆர்.இ-3’ என்று உள்ளது. அவன் மீண்டும் சேர விரும்புகிறான். இரண்டாயிரம் டாலர் கொடுத்தால் அந்தக் குறியீட்டை ‘ஆர்.இ-1’ ஆக மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது குறியீட்டு மாற்றமே அன்று.

படையை விட்டு வெளியேறுவோருக்குத் தரப்படும் டிடி 214 படிவத்தின் 27ஆம் கட்டத்தில் இடம்பெறும் இந்தக் குறியீடு, அவர் மீண்டும் சேர வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குச் சொல்லும் குறிப்பு. தரைப்படையைப் பொறுத்தவரை, ஆர்.இ-1 என்றால் தடையில்லை, ஆர்.இ-3 என்றால் தடை உண்டு, ஆனால் ‘வெய்வர்’ எனப்படும் விலக்கு பெற்றுச் சேரலாம், ஆர்.இ-4 என்றால் விலக்குக்கும் இடமில்லை. மற்றப் படைகள் இதே எண்களுடன் எழுத்துகளைச் சேர்த்துத் தத்தம் வழக்கப்படி பயன்படுத்துவதால், ஒரு படையின் குறியீட்டுக்கு இன்னொரு படையின் பொருளைக் கொள்ளக் கூடாது.

13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் அது படையில் சேரத் தடை என்பது பாதுகாப்புத் துறையின் மருத்துவ விதி. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குப் பெரும்பாலும் அந்த வயது கடந்திருக்கும் என்பதால், உங்கள் மகனுக்குத் தரப்பட்ட குறியீடு சரியானதாகவே தோன்றுகிறது. சரியாகத் தரப்பட்ட குறியீட்டை, மீண்டும் சேர ஆசைப்படுகிறார் என்ற காரணத்துக்காக மட்டும், படைப் பதிவுகளைத் திருத்தும் எந்த வாரியமும் மாற்றுவதில்லை. ஆண்டுகள் கடந்தால் தானாக மாறும் என்று சிலர் சொல்வதும் உண்மையன்று. வாரியத்துக்கு விண்ணப்பிக்க அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்பதால், உங்களிடம் கேட்கப்படும் இரண்டாயிரம் டாலர் எதற்கு என்பதை அந்த மனிதர்தான் விளக்க வேண்டும்.

உங்கள் மகன் செய்ய வேண்டியது, டிடி 214இன் முழுப் பிரதியுடன் ஒரு ரெக்ரூட்டரை, அதாவது ஆள்சேர்ப்பு அலுவலரை, அணுகுவது. சுருக்கப் பிரதியில் குறியீடும் விடுவிப்புக் காரணமும் இருக்காது. எனவே அது பயன்படாது. விலக்கை விண்ணப்பதாரர் நேரடியாகக் கேட்க முடியாது. ரெக்ரூட்டர்தான் கோப்பைத் தயாரித்து மேலே அனுப்ப வேண்டும். முந்தைய விடுவிப்பு, அதற்குக் காரணமான உடல்நிலை ஆகிய இரண்டுமே பரிசீலிக்கப்படும் என்பதால், பழைய மருத்துவப் பதிவுகளையும், நுரையீரல் நிபுணரிடம் புதிதாகச் செய்துகொண்ட செயல்திறன் சோதனையின் முடிவையும் முன்கூட்டியே கையில் வைத்திருப்பது நல்லது. ஒரு ரெக்ரூட்டர் ஆர்வம் காட்டாவிட்டால் இன்னொருவரிடமோ வேறு படையிடமோ போவதில் தவறில்லை. அவர்களுக்கும் மாத இலக்கு இருக்கிறது, கூடுதல் வேலை வைக்கும் கோப்பை எல்லோரும் விரும்புவதில்லை.

விலக்கு என்பது உரிமையன்று. படைக்கு ஆள் தேவைப்படும் காலத்தில் கை சற்றுத் தளரும், தேவை குறைந்தால் இறுகும். 2022 நிதியாண்டில் தரைப்படை தன் இலக்கில் சுமார் 15,000 பேர் குறைந்து தவித்தது. 2025 நிதியாண்டிலோ 61,000 பேர் என்ற இலக்கை, ஆண்டு முடிய நான்கு மாதங்கள் இருக்கும்போதே எட்டிவிட்டது. இப்போது மறுக்கப்பட்டால், சிறிது காலம் கழித்து மீண்டும் கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். டிடி 214இன் 28ஆம் கட்டத்தில், விடுவிப்புக் காரணமாக, மருத்துவத் தகுதியின்மை என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? அதுவே ‘மோசடியாகச் சேர்ந்தவர்’ என்று இருந்திருந்தால் நிலைமை வேறு. இந்த முறை ஆஸ்துமாவையோ முந்தைய சேவையையோ சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை கூறினால் கேட்க வேண்டாம். 2022 முதல் சேர்க்கை மையங்களில் பயன்படும் மின்னணு மருத்துவப் பதிவு முறையில் பழைய சிகிச்சை விவரங்கள் வெளிப்பட்டுவிடும். தெரிந்தே மறைத்துச் சேர்வது இராணுவச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கேள்வி: கடற்படையில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி, 2017இல் கௌரவமான விடுவிப்புடன் வெளியே வந்தேன். ஆனாலும் ஆர்.இ-4 தரப்பட்டிருக்கிறது. தரைப்படையின் தேசியக் காவல் படையில் சேர வழி உண்டா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: விடுவிப்பின் தன்மை 24ஆம் கட்டத்திலும் குறியீடு 27ஆம் கட்டத்திலும் தனித்தனியே பதிவாகின்றன. ஒழுங்காகப் பணியாற்றியவர் என்று ஒப்புக்கொண்டே, மேலும் வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்க மறுப்பது கடற்படையில் நடப்பதுதான். கடைசி மதிப்பீட்டு அறிக்கைகளில் உங்கள் மேலதிகாரி என்ன எழுதினார் என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆர்.இ-4ஐக் கண்டதும் பெரும்பாலான ரெக்ரூட்டர்கள் கோப்பை மூடிவிடுவார்கள். எனவே உங்களுக்குக் குறியீட்டை மாற்றக் கோரும் வழிதான் மிஞ்சுகிறது. இதில் பலர் தவறான வாரியத்துக்கு எழுதி ஓராண்டை வீணாக்குகிறார்கள். டிடி 293 படிவத்தில் 15 ஆண்டுகளுக்குள் அணுக வேண்டிய விடுவிப்பு மறுஆய்வு வாரியம், கடற்படையைப் பொறுத்தவரை, இந்தக் குறியீட்டை மாற்ற அதிகாரம் இல்லாதது. நீங்கள் எழுத வேண்டியது கடற்படைப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு, டிடி 149 படிவத்தில். பிழையை அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக் கெடு உண்டு. நீதியின் பொருட்டு அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் இருந்தாலும், தாமதத்துக்கான காரணத்தை நீங்கள் எழுத்தில் தர வேண்டும்.

நல்ல மனிதர், நல்ல வேலையில் இருப்பவர் என்ற நற்சான்றுகள் மட்டும் இங்கே போதாது. குறியீடு தரப்பட்டபோது பிழையோ அநீதியோ நடந்தது என்று காட்ட வேண்டும்: விதியைத் தவறாகப் பயன்படுத்தியது, பதிவுக்கு முரணான மதிப்பீடு, அப்போது கண்டறியப்படாத மன அதிர்ச்சி நோய் போன்றவை. கடைசியாகச் சொன்னதற்கு 2014, 2017ஆம் ஆண்டுகளின் பாதுகாப்புத் துறைச் சுற்றறிக்கைகள் தாராளமான பரிசீலனையை வலியுறுத்துகின்றன. தன்பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்டவர்களுக்கு, அதற்கு வழிசெய்த சட்டம் 20 செப்டம்பர் 2011இல் நீங்கிய பின் குறியீடு மாற்றித் தரப்படுவதும், கொரோனா தடுப்பூசியை மறுத்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு அதிபரின் 2025 ஜனவரி ஆணை மீண்டும் சேர வாய்ப்பளித்ததும், அரசின் கொள்கையே மாறியதன் விளைவு. தனிப்பட்ட வழக்குகளுக்கு அவற்றை முன்மாதிரியாகக் காட்ட இயலாது.

எதையும் எழுதுவதற்கு முன், செயின்ட் லூயிஸிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திலிருந்து உங்கள் முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். முன்னாள் படைவீரருக்கு அது இலவசமாகவே கிடைக்கும். விண்ணப்பம் எழுத அமெரிக்கன் லீஜன் போன்ற படைவீரர் அமைப்புகள் பணம் வாங்காமல் உதவுகின்றன. கோப்பில் உண்மையான பிழை தென்பட்டால் மட்டும் வழக்கறிஞருக்குச் செலவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.